மாற்றாத ஆயிலுக்கு எழுதிய கணக்கு

அந்தக் காரைச் சர்வீஸ் பார்த்த மெக்கானிக் மீது ஒரு தப்பும் இல்லை. காரைக்குடியில் சிலர் இன்னும் அவரைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபில்டரை மாற்றாமலே மாற்றியதாகக் காசு வாங்கினார், பழைய ஆயிலையே திரும்ப ஊற்றினார் என்று அவர் பேரில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பிவிட்டது நானில்லை. ஆனால் அதை இல்லையென்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான், நான் வாயைத் திறக்கவில்லை. ஆயில் மாற்றாமல் வண்டி ஓட்டியது நான். மாற்றியதாகக் கணக்கு எழுதியது நான். அந்தக் கணக்கைக் காட்டி வண்டியை விற்றதும் நானேதான்.

விவரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. ஓய்வு பெறும்வரை ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். உராய்வும் பேரிங்கும் வரும் பாடத்தை வருஷா வருஷம் பீச்சம் டவர் கதையில் ஆரம்பிப்பேன். 1883ல் இங்கிலாந்தில் ரயில் அச்சு பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்த அந்த மனிதர், எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். ஓட விட்டதும் எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார், பிடுங்கித் தள்ளிவிட்டது. மரமுளை அடித்தார், அதையும் தள்ளியது. கேஜ் மாட்டிப் பார்த்தால், பேரிங் தாங்கும் சராசரிச் சுமையைவிட எண்ணெயின் அழுத்தம் கூடுதலாக இருந்தது. அச்சு இரும்பின்மேல் சுற்றவில்லை, தானே இழுத்து உண்டாக்கிக்கொண்ட ஒரு எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. 1886ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். கார் எஞ்சினில் அந்தப் படலம் சில மைக்ரான் கனம். அது இருக்கிறவரைக்கும் இரும்பும் இரும்பும் தொடாது, தொட்டால் எஞ்சின் இல்லை. இதைப் போர்டில் படம் போட்டுக் காட்டிவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் வண்டியின் ஆயிலை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன் நான்.

வண்டி அப்பச்சி, அதாவது என் அப்பா, வாங்கியது. 2012ல் எடுத்த டிசையர், டீசல். அதற்கு முன்னால் வீட்டில் ஓர் அம்பாசடர் இருந்தது. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன தலைமுறை. அங்கே கடையில் பேரேடு எழுதிப் பழகிய கை, ஊருக்குத் திரும்பிய பிறகும் பால் கணக்குக்குக்கூட ஐந்தொகை போடும். அதை அப்பச்சியும் பிடித்துக்கொண்டார். காருக்கென்று ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி, அதன் கீழ் சிவமயம். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயில் என்ன விலை, ஃபில்டர் என்ன விலை, கூலி யாருக்கு எவ்வளவு என்று கலம் கலமாகக் கோடு போட்டிருக்கும். டிரெயின் போல்ட்டுக்குப் போடும் காப்பர் வாஷருக்குக்கூடத் தனி வரி. நான் சின்ன வயதில் அம்பாசடர் நோட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அந்த டிசையரின் எஞ்சின் ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட், 1248 சிசி. ஸ்விஃப்ட், ரிட்ஸ், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று அத்தனையிலும் அதுவே இருந்ததால் கார்க்காரர்கள் அதை இந்தியாவின் தேசிய டீசல் எஞ்சின் என்று கிண்டலாகச் சொல்வார்கள். நல்ல எஞ்சின். ஆனால் ஆயில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காது. டைமிங்குக்கு பெல்ட் கிடையாது, செயின். அந்தச் செயினை இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டென்ஷனர். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதையும் ஆயில்தான் தாங்குகிறது. ஃபில்டர், பெட்ரோல் கார்களில் பார்க்கிற மாதிரி திருகி மாட்டும் டப்பா அல்ல. கூட்டுக்குள் உட்காரும் மடிப்புக் காகிதச் சுருள். எல்லாவற்றையும் காப்பாற்றுவது மூன்று லிட்டர் சொச்சம் எண்ணெய்.

அப்பச்சி 2017ல் காலமானார். அதன் பிறகு வண்டி என் பொறுப்பு, நோட்டும் என் பொறுப்பு.

கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றவும் என்று இருக்கும். நான் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். எங்கள் வண்டி எங்கே பத்தாயிரம் ஓடியது? சென்னைக்குப் போகப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கார் வெளியே வருவது பிள்ளையார்பட்டிக்கு, குன்றக்குடிக்கு, தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு, ஜங்ஷனில் யாரையாவது இறக்கிவிட. மற்ற நாளெல்லாம் ஷெட்டில். ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில் என்பது என் வாதம்.

அது எவ்வளவு பொய்யான வாதம் என்று எனக்குத் தெரியும். குறைந்த தூரம் ஓடும் டீசல் எஞ்சின்தான் எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்தினால், எரிந்த வாயுவிலிருந்து வரும் நீராவி உள்ளேயே தண்ணீராகத் தங்கிவிடும். கொஞ்சம் டீசலும் ஆயிலில் கலக்கும். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அமிலமாகும். பி.எஸ்.3 காலத்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 350 பங்குவரை இருக்கலாம், இன்றைய பி.எஸ்.6 டீசலில் 10தான். அந்த அமிலத்தை முறிக்கவும், புகைக்கரியை ஒட்டவிடாமல் மிதக்க வைக்கவும், இரும்பு இரும்போடு உரசும் இடத்தில் துத்தநாகப் பூச்சு போடவும் ஆயிலுக்குள் மருந்து கலந்திருக்கிறார்கள். மருந்து தீர்ந்த ஆயில், வண்டி ஓடினாலும் நின்றாலும் பேரிங்கை அரிக்கும். உலோகம் எப்படி அரிக்கிறது என்பதையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறந்தது. அதன் காம்பவுண்டு ஓரமாகத்தான் நான் அந்த எஞ்சினை ஓட்டிக்கொண்டு போவேன்.

இரண்டாவது சாக்கு இன்னும் மோசம், ஏனென்றால் அது உண்மை. டீசல் எஞ்சினில் ஆயில் ஊற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னில் வாங்கிக்கொள்வது நல்ல ஆயிலின் வேலை, ஆகவே நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்த மனைவி “என்னங்க, கன்னங்கரேல்னு இருக்கு” என்றபோதும் இதையேதான் சொன்னேன். உண்மையான ஒரு வாக்கியத்தை அப்படிப் பயன்படுத்த முடியும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், பிறகு அது நன்றாகவே உதவியது.

காசும் ஒரு காரணம், மறைப்பானேன். நல்ல சிந்தெடிக் ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்ந்தால் அப்போது மூவாயிரத்தைத் தொடும். அளவு குறைந்தால் ஷெட்டில் கிடந்த ஏதோ ஒரு டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றுவேன். அது தீர்ந்ததும் லூஸ் ஆயில் வாங்கி ஊற்றினேன். ஃபில்டரைத் தொடவேயில்லை. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சின் ஆயிலில்லாமல் போகக்கூடாதென்று பைபாஸ் வால்வு ஒன்று திறந்துகொள்ளும். அழுக்கு எண்ணெய் வடிகட்டாமல் நேரே பேரிங்குக்குப் போகும். வெளியே ஒரு சத்தமும் கேட்காது. வருஷக்கணக்கில் கேட்காமலே இருக்கும்.

பிறகு கேட்டது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கம் கரகரவென்று செயின் அடிக்கும், சில விநாடியில் அடங்கிவிடும். சூடான பிறகு சிக்னலில் நின்றால் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கும். 2020 ஊரடங்கில் வண்டி மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது, அதற்குப் பிறகு இரண்டும் கூடிவிட்டன. மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்னிடம் படித்தவர்தான். எஞ்சின்மேல் காது வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சார், சம்ப்பை எறக்கி ஸ்ட்ரெய்னரைப் பாக்கணும். செயின் செட்டும் போச்சு போல. கடைசியா எங்க சார் ஆயில் மாத்துனீங்க? நம்மகிட்ட அப்பச்சி இருந்தப்ப வந்ததுதான்.”

மதுரையில் மாற்றினேன் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. “இப்படியே மட்டும் ஓட்டாதீங்க சார்” என்றார்.

அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் செய்வதை நிறுத்திவிட்டது, அதனால் பழைய டீசலுக்குக் கிராக்கி. ஆனால் விளக்கு மினுக்கும் வண்டியை யார் வாங்குவார்? அதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும். பழைய கார் புரோக்கர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழிதான். எனக்கு அதன் காரணமும் தெரியும், அவ்வளவு வித்தியாசம்.

அந்த எஞ்சினுக்கு உரியது 5டபிள்யூ30. பின்னால் இருக்கும் எண், எஞ்சின் சூடாக ஓடும்போது ஆயிலின் கனத்தைச் சொல்வது. 100 டிகிரியில் 30ம் எண் ஆயிலின் கெட்டித்தனம் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ், 50ம் எண் என்றால் 16.3 முதல் 21.9. தேய்ந்துபோன பேரிங்கில் இடைவெளி அகன்றிருக்கும். மெல்லிய ஆயில் அதன் வழியே ஓடிவிடுவதால் அழுத்தம் ஏறாது, விளக்கு மினுக்கும். கெட்டி ஆயிலை ஊற்றினால் அது மெதுவாகக் கசியும், அழுத்தம் ஏறும், விளக்கு அணையும், சத்தம் அமுங்கும், பிஸ்டன் ரிங் வழியே வரும் புகையும் குறையும். எஞ்சின் குணமான மாதிரி தெரியும். உள்ளே நடப்பது தலைகீழ். காலை ஸ்டார்ட்டில் அந்தக் கெட்டி எண்ணெய் டர்போவுக்கும் செயினுக்கும் போய்ச்சேரத் தாமதமாகும். சம்ப் என்ற எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் வலையான ஸ்ட்ரெய்னர் ஏற்கெனவே பாதி அடைத்திருந்தால் இன்னும் தாமதம். டர்போவுக்கு அந்தச் சில விநாடிகள் பெரிய நேரம்.

மெக்கானிக்கிடம் 20டபிள்யூ50 ஊற்றச் சொன்னேன். “இந்த வண்டிக்கா? மாட்டேன் சார்” என்று சொல்லிவிட்டார். சரியென்று நானே செய்தேன்.

செக்காலை ரோட்டில் ஸ்பேர் கடைக்குப் போய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினேன். போலி ஆயில் நிறையப் புழங்குகிறது. மூடி சீல், டப்பாவிலும் மூடியிலும் அச்சிட்ட எண், தேதி எல்லாம் சரியா என்று பார்க்க வேண்டும். ஏ.பி.ஐ. எழுத்துகளில் எஸ்ஸில் ஆரம்பித்தால் பெட்ரோலுக்கு, சியில் ஆரம்பித்தால் டீசலுக்கு. ஐரோப்பிய வழி எஞ்சினுக்கு ஏ.சி.இ.ஏ. என்ற முத்திரையையும் கையேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வடிகட்டி பொருத்திய பி.எஸ்.6 டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் புகைக்குழாயில் இருக்கும் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். இத்தனையும் கடைப்பையனுக்கு அன்று விளக்கினேன். அவன் பயபக்தியோடு கேட்டுக்கொண்டான். வண்டிக்குப் பொருந்தாத ஆயிலை, போலியாக இருந்துவிடக்கூடாதென்று அவ்வளவு சோதித்து வாங்கிய ஆள் வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், கொல்லை வாசல் அடுத்த தெருவில். பின்கட்டுப் பக்கம் பழைய கருங்கல் பலகைகளைப் போட்டு முன்சக்கரங்களை ஏற்றினேன். பின்சக்கரத்துக்கு அணை வைத்தேன். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, கை பொறுக்கும் சூட்டில் டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். முதலில் கெட்டியாக ஒரு முடிச்சு விழுந்தது, பிறகு மெல்லிய தாரையாக வடிந்தது, சீக்கிரமே சொட்டு நின்றுவிட்டது. தட்டில் இருந்தது ஊற்ற வேண்டிய அளவில் பாதிகூட இருக்காது. மீதி உள்ளே கசடாக உறைந்து ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்திலாவது சம்ப்பைக் கழற்றியிருக்கலாம். கையில் ஸ்பானர் இருந்தது. கழற்றவில்லை. ஃபில்டர் மூடியைத் திறந்தேன். காகித மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி நடுவில் உள்வாங்கி நசுங்கியிருந்தன. ஓ ரிங் கல்லாக இறுகி, எடுக்கும்போதே ஒடிந்தது. கூட்டைத் துணியால் துடைத்து, புது ஃபில்டர் வைத்து, புது ஓ ரிங்குக்கு விரலால் எண்ணெய் தடவி, மூடியை அளவாக இறுக்கினேன். டிரெயின் போல்ட்டுக்குப் புது காப்பர் வாஷர். ஆயிலை ஊற்றி, ஓட விட்டு, நிறுத்தி, வடியக் காத்திருந்து, டிப்ஸ்டிக்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்கிறதா என்று பார்த்தேன். அவ்வளவு ஒழுங்காக அந்த வண்டிக்கு நான் எந்த வேலையும் செய்ததில்லை. விளக்கு மினுக்கவில்லை.

வடித்த ஆயிலில் கொஞ்சத்தைக் கொல்லைக் கதவு நிலையின் அடியில் கரையானுக்காகப் பூசினேன். இங்கே எல்லாரும் பூசுவதுதான். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன். கூரைத் தண்ணீரை வீணாக்காமல் ஊருணிக்குப் போகும்படி தெருவையே சரித்துக் கட்டியவர்களின் ஊர் இது. கழிவு ஆயில் 2016ம் வருஷ விதிகளின்படி அபாயகரக் கழிவு, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் போக வேண்டும். சொல்ல ஆரம்பித்த பிறகு இதை மட்டும் எதற்கு விட வேண்டும் என்று சொல்கிறேன்.

அதன் பிறகு நோட்டை எடுத்தேன்.

அப்பச்சியின் கடைசி வரிக்குக் கீழே நான் எழுதியிருந்தவை டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் மட்டும். நடுவில் இடம் விட்டு எழுதியிருந்தேன். சோம்பலில் விட்ட இடம், அன்று வசதியாகப் போயிற்று. டயர் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் வைத்துக் கணக்குப் போட்டு, 2018க்கு ஒன்று, 2019க்கு ஒன்று, 2020க்கு ஒன்று என்று ஆயில் வரிகளை நுழைத்தேன். எல்லாம் ஒரே மையில் இருக்கக்கூடாதென்று நீலத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று. ஆயில் விலை வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் ஏறும்படி எழுதினேன். அப்பச்சி காப்பர் வாஷரை விடமாட்டார் என்பதால் நானும் அதற்குத் தனி வரி எழுதினேன். கூலிக் கலம் வெறுமையாக இருந்தால் சந்தேகம் வரும். அதில் அப்பச்சி எழுதிவந்த அதே பட்டறையின் பெயரைப் போட்டேன். பக்கத்தின் தலையில் சிவமயம் இருந்தது. அது பழைய பக்கம், அப்பச்சி எழுதியது என்று அப்போது எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

வாங்க வந்தவர் கோட்டையூர்ப் பக்கம் பலகாரம் சுட்டு விற்கும் ஓர் அம்மா. கல்யாண வீடுகளுக்கு முறுக்கு, சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம். ஆட்டோவில் தகரம் தகரமாக அனுப்பிக்கொண்டிருந்தவர், சொந்தமாக வண்டி இருந்தால் திருச்சிவரை ஆர்டர் எடுக்கலாம் என்று மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் பானட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவினான். புது ஆயில்தான், ஆனால் உள்ளே இருந்த கசடு அதற்குள் அதைக் கறுப்பாக்கியிருந்தது.

“சார், இப்பத்தான் மாத்துனேன்னீங்க, கறுப்பா இருக்கே?”

“டீசல்ல அப்படித்தான் தம்பி இருக்கும்” என்றேன்.

அந்த அம்மா சிரித்தார். “எங்க தொழில்ல ஒரு ஈடு கறுத்த எண்ணெயில அடுத்த ஈடு போட்டா வாயில வைக்க முடியாதுண்ணே. வண்டிக்கு அது வேற போல.” எஞ்சின் பக்கம் அவர் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். அவரும் தினம் கணக்கு எழுதுகிறவர். காப்பர் வாஷர் வரியைப் பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் ஒரு விலை சொன்னேன், குறைக்கச் சொல்வார் என்று ஏற்றித்தான் சொன்னேன். “இப்புடிக் கணக்கு வச்சுருக்கவங்க வண்டிக்கு நான் என்னத்தண்ணே பேரம் பேசுறது” என்று அட்வான்ஸை எண்ணி வைத்தார்.

வண்டி திருமயம் பக்கம் நின்றது. முகூர்த்தத்துக்குப் பலகாரம் கொண்டு போகும் வழியில் முதலில் விசில் சத்தம், பிறகு நீலப் புகை, பிறகு செயின் பல் தாண்டி எஞ்சின் அடங்கிவிட்டது. பலகாரத்தை வேறு வண்டி பிடித்து ஏற்றிப் போயிருக்கிறார்கள், நேரத்துக்குப் போய்ச்சேரவில்லை. அங்கே ஒரு பட்டறையில் சம்ப்பை இறக்கி, மகன் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். ஸ்ட்ரெய்னரின் வலை தெரியவே இல்லை. டர்போ தண்டு ஆடியது. வால்வுகள் வளைந்திருந்தன.

அந்த அம்மா கூப்பிட்டார். நான் பயந்தபடி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “அண்ணே, ஒங்களையும் அந்தப் பட்டறக்காரன் நல்லா ஏமாத்திருக்கான். வருஷா வருஷம் பில்டர் மாத்துனதா எழுதியிருக்கு. இங்க கரண்டி விட்டு வழிச்சு எடுக்குறாங்க. காசு குடுத்து ஏமாந்துருக்கீக.”

அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. “என்னம்மா செய்றது, இந்தக் காலத்துல யாரை நம்புறது” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நேரம் இருந்தது, திரும்பக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லவும் நேரம் இருந்தது. வண்டியை விற்றதைவிட, கணக்கை எழுதியதைவிட, இதையே நான் பெரிய குற்றமாக நினைக்கிறேன். முதல் இரண்டிலும் பணம் போனது. இதில் ஒருத்தர் பெயர் போனது.

மனசு கேட்காமல் ரிப்பேர் செலவில் ஒரு பகுதியை அந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை. “கஷ்டத்துல இருக்கீங்க, வச்சுக்குங்க” என்றேன். வண்டியை விற்ற பிறகும் தேடிவந்து பணம் கொடுத்த மனுஷன் என்று அவர் போகிற கல்யாண வீடெல்லாம் சொல்லியிருக்கிறார். கூடவே பட்டறைக் கதையையும். ஒரு கதையில்லாமல் மற்றதைச் சொல்ல முடியாதல்லவா. என்னை ஒரு விசேஷ வீட்டில் முன்வரிசையில் உட்காரவைத்து இந்தக் கதையை என்னிடமே சொன்னார்கள். கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

மெக்கானிக்கிடம் வாடிக்கையாளர் சிலர் வரவில்லை. பேச்சு அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஸ்பேர் கடையில் எதிரே பார்த்தபோது தனியாகக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “நான் எப்ப சார் அந்த வருஷமெல்லாம் ஒங்க வண்டிக்கு ஆயில் மாத்துனேன்?” நான் ஏதோ எழுத்துப் பிழை என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். இதை அவர் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாத்தியார் பேச்சைத்தான் நம்புவார்கள், தன் பேச்சையல்ல என்று அவருக்குத் தெரியும். எனக்கும் அது தெரிந்திருந்தது. அதை நம்பித்தான் இருந்தேன்.

கடைசியில் போய் ஒப்புக்கொண்டது என் நல்ல குணத்தால் இல்லை. அந்த அம்மாவின் மகன் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்துப் பட்டறைக்கே கொண்டுபோய்ச் சண்டை போட்டான் என்று கேள்விப்பட்டேன். இனி மறைக்க முடியாது என்று தெரிந்த பிறகு போனேன். பட்டறைக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: “எங்கிட்ட வந்து சொல்லி என்ன சார் ஆகப்போவுது? நோட்டுல எழுதித்தானே வந்துச்சு. எழுதியே குடுங்க. பத்துப் பேர் படிக்கிற எடத்துல.”

அந்த அம்மாவையும் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதை எழுத அவரிடம் அனுமதி கேட்கவில்லை. நோட்டு அவரிடம்தான் இருக்கிறது, தரமாட்டேன் என்றார். ஆகவே திருத்தத்தை இங்கேயே எழுதுகிறேன்.

2018, 2019, 2020 ஆண்டுகளில் ஆயில், ஃபில்டர், வாஷர், கூலி என்று இருக்கும் வரிகள் எல்லாம் பொய். கூலிக் கலத்தில் உள்ள பட்டறைப் பெயரை அடித்துவிட வேண்டும். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் வரிகள் சரி. விற்பதற்கு முன் எழுதிய கடைசி வரியில் ஃபில்டரும் காப்பர் வாஷரும் போட்டது உண்மை, ஆயில் 5டபிள்யூ30 என்றிருப்பது பொய், ஊற்றியது 20டபிள்யூ50. அப்பச்சி எழுதிய வரிகளில் ஒன்றையும் நான் தொடவில்லை. டர்போ, செயின் செட், வால்வு, இழுவைக் கூலி, நேரத்துக்குச் சேராத பலகாரம் எல்லாம் என் பற்று. அதில் கொடுத்தது போகப் பாக்கி இருக்கிறது, மாதாமாதம் கட்டி வருகிறேன்.